26 ஃப்ரேம்

சாலிகிராமத்தில் ஒரு எடிட்டரிடம் உதவியாளராகச் சேர்ந்த முதல் ஏழு மாதம் நான் ஒரு கட்கூடப் போடவில்லை. ஹார்ட் டிஸ்க்கில் ஸ்டிக்கர் ஒட்டினேன், கோப்புகளைக் காப்பி எடுத்தேன், கிளாப் சத்தத்தைத் தேடினேன், எக்செல் நிரப்பினேன். வேலை கேட்டுப் போன அன்று, கல்லூரியில் நான் வெட்டிய குறும்படத்தைக் காட்டலாம் என்று லேப்டாப்பைத் திறந்தேன். எடிட்டர் சார் அந்தப் பக்கமே திரும்பவில்லை. “எக்செல் தெரியுமாம்மா?” என்றார். தெரியும் சார் என்றேன். “அப்ப நாளைக்கு வந்துரு.” அவ்வளவுதான் இன்டர்வியூ. அது 2014.

அப்பா சிவகாசியில் ஆஃப்செட் பிரஸ் மெஷின்மேன். ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் ஆல்பம் வெளியாகும். அதற்கு முந்தைய மாதங்களில் அவர் வீட்டுக்கு வருவதே குளிக்கவும் சாப்பிடவும்தான். மதுரையில் விஸ்காம் முடித்துவிட்டு சினிமாவுக்குப் போகிறேன் என்றதும் அம்மா இரண்டு நாள் பேசவில்லை. அப்பா மட்டும், “மெஷினு முன்னாடி உக்காந்து பாக்குற வேலைதான பாப்பா?” என்று கேட்டார். ஆமாப்பா என்றேன். “அப்பச் சரி” என்று சொல்லிவிட்டார்.

மெஷின் முன்னால் உட்காருவது பாதி வேலைதான். மீதிப் பாதி நடை. ஷூட்டிங் முடிந்த படம் எடிட்டிங், டப்பிங், ஃபோலி, எஃபெக்ட்ஸ், சிஜி, ரீரெக்கார்டிங், மிக்சிங், நிறம் சரிசெய்யும் டிஐ, சென்சார் என்று அறை அறையாகப் போகும். வடபழனி, சாலிகிராமம், கோடம்பாக்கம், விருகம்பாக்கம் என்று ஒவ்வொரு அறையும் ஒவ்வொரு தெருவில் இருக்கும். அந்த அறைகளுக்கு நடுவே டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு போகிற ஆள்தான் அசிஸ்டென்ட் எடிட்டர். எடிட்டிங் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் இதைக் கூரியர் வேலை என்று நினைத்து ஆறு மாதத்தில் ஓடிவிடுவார்கள். நானும் ஓடப் பார்த்தவள்தான்.

எனக்கு முதலில் கற்றுத்தந்தது காப்பி எடுப்பதை. இதில் கற்க என்ன இருக்கிறது, இழுத்துப் போட்டால் ஆயிற்று என்றுதான் நானும் நினைத்தேன். இழுத்துப் போட்டால் கம்ப்யூட்டர் ‘முடிந்தது’ என்று சொல்லும், ஆனால் போன கோப்பும் வந்த கோப்பும் ஒன்றுதானா என்று சரிபார்த்துச் சொல்லாது. அதற்குத்தான் செக்சம் பார்த்துக் காப்பி எடுக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. இரண்டு பக்கக் கோப்பையும் கணக்கிட்டு ஒரே எண் வருகிறதா என்று ஒப்பிடும். நேரம் அதிகம் பிடிக்கும், லொக்கேஷனில் அன்றைய ஷூட்டிங் முடிந்ததும் எல்லோரும் வேனில் ஏறி ஹாரன் அடிப்பார்கள், அப்போதும் முடியும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். காப்பி மூன்று. மூன்றும் ஒரே மேஜையில் இருந்தால் அது ஒரு காப்பிதான். ஒன்று எங்களிடம், ஒன்று கம்பெனி ஆபீஸில், ஒன்று தயாரிப்பாளர் வீட்டு அலமாரியில்.

காப்பி வந்ததும் உதவி இயக்குநர் டேக் விவரம் எழுதிய லாக் ஷீட்டோடு டேக் டேக்காக ஒப்பிட்டுப் பார்ப்பேன். அலுப்பான வேலை. ஒருநாள் ஷீட்டில் ஓகே என்று வட்டம் போட்ட மூன்றாவது டேக் டிஸ்க்கில் இல்லை. அது இருந்த மெமரி கார்டு காப்பியாகாமல் விட்டுப்போயிருந்தது. இரவு எட்டு மணிக்குப் போன் போட்டேன். அந்தக் கார்டு மறுநாள் காலை ஷூட்டிங்குக்காக அழிப்பதற்கு எடுத்து வைத்திருந்த டப்பாவில் கிடந்தது. யாரும் பெரிதாகப் பாராட்டவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு கேமரா டிபார்ட்மென்ட் அண்ணன்கள் என் போனை முதல் ரிங்கிலேயே எடுத்தார்கள்.

கேமராவிலிருந்து வரும் கோப்புகளின் பெயரை மாற்றவே கூடாது. ‘ஏ014சி003’ என்று அசிங்கமாகத்தான் இருக்கும். முதல் கேமரா, 14-வது கார்டு, மூன்றாவது ஷாட் என்று அதற்கு அர்த்தம். புதிதாக வருகிறவர்கள் ‘ஹீரோ க்ளோஸ் சூப்பர்’ என்று அழகாகப் பெயர் மாற்றிவிடுவார்கள். நாம் வெட்டுவது அசல் கோப்பை இல்லை, அதன் எடை குறைந்த நகலான பிராக்ஸியை. ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 16 ஜிபி வரும் நகல் அது. அசலின் அளவு அதைப்போலப் பல மடங்கு. கடைசியில் டிஐ அறையில் நகலை எடுத்துவிட்டு அசலைப் பொருத்தும்போது, கம்ப்யூட்டருக்குத் தெரிந்த அடையாளம் கோப்பின் பெயரும், அதில் பதிந்த நேர எண்ணான டைம்கோடும்தான். பெயரை மாற்றியிருந்தால் நூற்றுக்கணக்கான ஷாட்டைக் கண்ணால் பார்த்துக் கையால் பொருத்த வேண்டும். பெயர் வைக்க ஆசையாக இருந்தால் மென்பொருளுக்குள் அதற்கென்று தனிக் கட்டம் இருக்கிறது, அங்கே ஆசை தீர எழுதிக்கொள்ளலாம்.

அடுத்தது சிங்க். படமும் ஒலியும் தனித்தனியாகப் பதிவாகி வரும். கிளாப் மூடுகிற ஃப்ரேமையும் (விநாடிக்கு 24 படங்களாக ஓடும், அதில் ஒரு படம்தான் ஒரு ஃப்ரேம்) ‘டக்’ என்ற சத்தத்தையும் ஒன்றாக வைக்க வேண்டும். போர்டு தலைகீழாக வந்தால் எண்ட் கிளாப், ஷாட்டின் முடிவில் அடித்தது. டப்பிங் செய்யப்போகிற படத்தில் லொக்கேஷன் ஒலியைப் பைலட் டிராக் என்போம். எப்படியும் டப்பிங்கில் போகப்போகிறதுதானே என்று அதைக் கண்டபடி சிங்க் செய்கிறவர்கள் உண்டு. டப்பிங் அறையில் நடிகர் காதில் அதைத்தான் கேட்டுக்கொண்டு உதட்டைப் பிடிப்பார். அது இரண்டு ஃப்ரேம் தள்ளியிருந்தால் பாவம் அவரும் தள்ளித்தான் பேசுவார்.

நான் எடிட்டிங் கற்றுக்கொண்டது இந்த சிங்க் வேலையில்தான். ஏனென்றால் எல்லா டேக்கையும் முதலிலிருந்து கடைசிவரை பார்த்த ஆள் அந்த அறையில் நான் ஒருத்திதான். இயக்குநர் கட் சொல்ல மறந்து கேமரா ஓடிக்கொண்டிருந்த ஐந்து விநாடியில் ஒரு நடிகை மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். ஒருநாள் அந்தக் காட்சி சரியாக உட்காராமல் சார் தவித்தபோது, “ஆறாவது டேக்ல கடைசியில ஒண்ணு இருக்கு சார்” என்றேன். நாற்காலியைப் பின்னால் தள்ளி, “நீயே வச்சுக் காட்டு” என்றார். எட்டாவது மாதம். என் முதல் கட் அது.

இனி தலைப்புக்கு வருகிறேன். 2016-ல் ஒரு படம். மூன்றாவது ரீலின் கடைசி நான்கு நிமிடம் வசனமே கிடையாது, ஒருவன் பாழடைந்த வீட்டுக்குள் நடப்பான், கதவைத் திறப்பான், மூடுவான். (இன்றும் நாங்கள் ரீல் என்றுதான் சொல்கிறோம். 2000 அடி ஃபிலிம் 22 நிமிடம் ஓடும். ஃபிலிம் போன பிறகும் படத்தை இருபது நிமிடத் துண்டுகளாகப் பிரிக்கும் பழக்கம் போகவில்லை.) ஃபோலி ஆட்கள் காலடி, கதவு, துணி உரசல் எல்லாவற்றையும் படத்தைப் பார்த்துப் பார்த்து நடித்து ஒலிப்பதிவு செய்வார்கள். அவர்களுக்கு மூலையில் டைம்கோடு ஓடும் வீடியோ கொடுக்க வேண்டும். அவசரமாகக் கேட்டார்கள். தனி புராஜெக்ட் ஒன்றைத் திறந்து டைம்கோடு போட்டு வீடியோ எடுத்தேன். அந்த புராஜெக்ட் விநாடிக்கு 23.976 ஃப்ரேமில் இருந்தது. எங்கள் படம் 24. வேகம் பொருந்தவில்லை என்று மென்பொருள் எச்சரித்தபோது, வீடியோவின் வேகத்தையும் 23.976 என்று மாற்றி எச்சரிக்கையின் வாயை அடைத்தேன். முதல் இரண்டு நிமிடம் ஓட்டிப் பார்த்தேன், உதடு கச்சிதமாக இருந்தது. அனுப்பிவிட்டேன்.

23.976 என்பது அமெரிக்கக் கலர் டிவி காலத்து மிச்சம். விநாடிக்கு 24 ஃப்ரேம் என்பதிலிருந்து ஆயிரத்தில் ஒரு பங்கு மெதுவாக ஓடும். கண்ணுக்குத் தெரியாது. அந்த ரீல் 18 நிமிடம் 20 விநாடி. ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால் 1.1 விநாடி. அதாவது 26 ஃப்ரேம்.

மிக்சிங் தியேட்டரில் ரீலின் முதல் பாதி ஓடியபோது யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் திரையில் கதவு மூடியது. அவன் திரும்பினான், ஒரு எட்டு வைத்தான், அப்புறம் ‘டப்’ என்றது கதவு. யாரோ சிரித்தார்கள். இயக்குநர் சிரிக்கவில்லை. ஃபோலி அறைக்குப் போன் போனது, அவர்கள் வீடியோவோடு போட்டுப் பார்த்து எங்களிடம் சரியாக இருக்கிறதே என்றார்கள். அவர்கள் சொன்னது உண்மை. டிஐக்குப் போன் போனது, அவர்களும் சரி என்றார்கள். அதுவும் உண்மை. ஐந்து மணி நேரம் இப்படியே போனது. மதியம் மிக்சிங் இன்ஜினியர் ரீலின் நடுவிலும் கடைசியிலும் எத்தனை ஃப்ரேம் தள்ளியிருக்கிறது என்று எண்ணிப் பார்த்து, “இது நழுவுது சார், ஒரே அளவா நழுவுது” என்றார். காரணம் தெரிந்த பிறகு அந்த ஒலியை ஆயிரத்தில் ஒரு பங்கு வேகமாக்கிச் சரிசெய்ய அவருக்கு ஆனது இருபது நிமிடம்.

நான் மூலையில் நின்றுகொண்டிருந்தேன். சார் திட்டுவார் என்று பார்த்தேன். “மூணாவது ரீல் மொத்தம் எத்தன ஃப்ரேம்மா?” என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியாது, அது வேறு விஷயம். தெரிந்திருக்க வேண்டியது நான். 26,400.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் போனில் அழுதுகொண்டே இதைச் சொன்னேன். ஃப்ரேம், வேகம் ஒன்றும் அவருக்குப் புரிந்திருக்காது. “ஆரம்பத்துல சரியா இருக்குன்னு எதை வச்சுச் சொன்ன?” என்றார். படம் தொடங்க இரண்டு விநாடிக்கு முன்னால் ஒரு ஃப்ரேம் நீளத்துக்கு ‘பீப்’ வைப்போம், அது பொருந்தினால் படமும் ஒலியும் பொருந்தும் என்றேன். “ஓ, ரெஜிஸ்டர் மார்க்கு” என்றார். “நாலு கலரும் ஒண்ணு மேல ஒண்ணு உக்காரணும்னா ஒரு மூலையில மட்டும் மார்க்கு பாத்தா பத்தாது பாப்பா. தாளு இழுத்துக்கும். இந்த மூலையில சாமி கண்ணு சரியா இருக்கும், அந்த மூலையில மயிலு ரெண்டா தெரியும். கடைசி மூலையத்தான் மொதல்ல பாக்கணும்.”

கடைசி மூலைக்கும் எங்கள் தொழிலில் மார்க் இருக்கிறது. படம் முடிந்து இரண்டு விநாடி கழித்து இன்னொரு பீப், டெயில் பாப். நான் அதைத் தேவையில்லாத சம்பிரதாயம் என்று விட்டிருந்தேன். அன்றிலிருந்து எந்த ரீல் என் கையைவிட்டுப் போனாலும் முன்னாலும் பின்னாலும் பீப் இருக்கும். ஓட்டிப் பார்க்க இரண்டு நிமிடம்தான் இருக்கிறது என்றால் கடைசி இரண்டு நிமிடத்தை ஓட்டுவேன். கூடவே ஒரு சின்னக் குறிப்பும் போகும்: எந்த ரீல், எத்தனையாவது வெர்ஷன், தேதி, ஃப்ரேம் வேகம், தொடங்கும் டைம்கோடு, மொத்த ஃப்ரேம், ஒலி 48 கிலோஹெர்ட்ஸா என்பது, போன வெர்ஷனிலிருந்து என்ன மாறியது. பத்து வரி. ‘ஃபைனல்’, ‘ஃபைனல் ஃபைனல்’, ‘ஃபைனல் புதுசு 2’ என்று பெயர் வைக்கிற ஆபீஸ்களை இன்றும் பார்க்கிறேன். எண் போடுங்கள், தேதி போடுங்கள். ஃபைனல் என்ற சொல்லை ரிலீஸுக்கு அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

டிஐக்குக் கொடுக்கும்போது தனித் தொல்லை உண்டு. வெட்டிய வரிசையை எக்ஸ்எம்எல் என்கிற பட்டியல் கோப்பாக்கி அனுப்பினால் கட் எல்லாம் ஒழுங்காகப் போய்விடும். வேகம் கூட்டிக் குறைத்த ஷாட், ஃப்ரேமைப் பெரிதாக்கிய ஷாட், ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய துண்டுகள் ஆகியவை போகாது, போனாலும் கோணலாகப் போகும். மேலே நாலைந்து லேயரில் கிடப்பதை எல்லாம் கீழே ஒரே லேயருக்கு இறக்கி, ஸ்பீடு மாற்றிய ஷாட்டுகளைத் தனிப் பட்டியலாக எழுதி, ஒப்பிட்டுப் பார்க்க எங்கள் வீடியோவையும் சேர்த்துக் கொடுத்தால் கலரிஸ்ட் நம்மை வாழ்த்துவார். கொடுக்காவிட்டால் இரவு இரண்டு மணிக்குப் போன் செய்வார். சிஜி ஷாட்டுகளுக்கு 10, 20, 30 என்று விட்டு விட்டு எண் போடுங்கள். நடுவில் இயக்குநர் இன்னொன்று கேட்பார், அது 15 ஆகிவிடும்.

இனி நீளம் மாறாது என்று படத்தைப் பூட்டிய பிறகும் மாற்றம் வரும். ‘ஒரு ஆறு ஃப்ரேம்தானே’ என்பார்கள். ஆறு ஃப்ரேமை உருவினால் அதற்குப் பின்னால் இருக்கும் வசனம், இசை, காலடி, சப்டைட்டில் எல்லாம் கால் விநாடி நகரும், அத்தனை அறைக்கும் போன் போட வேண்டும். அதே நீளத்துக்கு அடுத்த ஷாட்டை ஆறு ஃப்ரேம் இழுத்துவிட முடியுமா என்று முதலில் கேளுங்கள். பத்துக்கு ஏழு முறை முடியும்.

சென்சார் வேலையைப் பற்றி யாரும் சொல்லித் தருவதில்லை. சிகரெட், மது வரும் ஒவ்வொரு ஷாட்டிலும் எச்சரிக்கை வாசகம் படிக்கிற அளவில் இருக்கிறதா, புகையிலை எச்சரிக்கைப் படம் தொடக்கத்திலும் இடைவேளைக்குப் பிறகும் இருக்கிறதா, மாடோ நாயோ வந்தால் விலங்கு நல வாரியக் கடிதம் இருக்கிறதா என்று பட்டியல் போட்டுப் பார்ப்பது எங்கள் தலையில்தான் விழும். கூட்டத்தில் பின்னால் ஒருவர் பீடி பிடித்துக்கொண்டு போவார். அவரைக் கண்டுபிடிக்கிற கண்ணும் டேக் எல்லாம் பார்த்த கண்தான்.

பணம். முதல் ஆறு மாதம் மதியச் சாப்பாடும் பஸ் காசும். பிறகு மாதம் ஐந்தாயிரம். ஹாஸ்டலுக்கே நாலாயிரத்து ஐந்நூறு. இதைத் தியாகம் என்று பெருமையாகச் சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. அப்பா மாதாமாதம் அனுப்பினார், அதனால் தாக்குப்பிடித்தேன். அனுப்ப ஆள் இல்லாதவர்கள் என்னைவிடத் திறமையாக இருந்தும் திரும்பிப் போனார்கள். கையில் எட்டு மாதச் செலவுக்காவது வழி இருந்தால் நேராக அசிஸ்டென்ட்டாக வாருங்கள். இல்லையென்றால் ஸ்பாட் எடிட்டிங்கில் தொடங்குங்கள். ஷூட்டிங் நடக்கும் இடத்திலேயே லேப்டாப்பில் ஒட்டிக் காட்டும் வேலை. வெயில், தூசு, ஜெனரேட்டர் சத்தம், ஆனால் தினப் பேட்டா உண்டு, இயக்குநர்களோடு நேரடிப் பழக்கமும் உண்டு. ‘படம் வித்ததும் தர்றேன்’ என்ற கம்பெனி ஒன்றில் நான்கு மாதம் உழைத்தேன். படம் இன்னும் விற்கவில்லை. சம்பளம் மாதாமாதம் என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். கேட்பதற்குக் கூசும். கூசட்டும்.

என் ஹாஸ்டல் கேட் இரவு ஒன்பதரைக்கு மூடும். ஆபீஸ் லெட்டர் கொடுத்தால் பதினொன்று. ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பதுதான் உழைப்பு என்ற எண்ணம் சினிமாவில் ஊறிப்போனது, அதனாலேயே பெண்களை எடுக்கத் தயங்குவார்கள். நான் காலை ஏழு மணிக்குப் போய்விடுவேன். சார் வருவது பதினொன்றுக்கு. அதற்குள் காப்பி, சிங்க், டேக்குகளை வரிசையாக அடுக்கும் லைன்அப் எல்லாம் முடிந்திருக்கும். ராத்திரி மூன்று மணிக்கு எடுத்த முடிவுகளில் பாதி மறுநாள் நான் மாற்றிக்கொடுத்தவைதான். 2015 ஜூனில் கோயம்பேடு – ஆலந்தூர் மெட்ரோ வந்து வடபழனியில் நின்றது. ஏசி ரயில் என்று ஊரே அதைப் பேசியது, எனக்கு அது இரவில் ஆட்டோக்காரரிடம் பேரம் பேசாமல் தோழியின் அறைக்குப் போகிற வழி.

வேலை எப்போது நிற்கும் என்று தெரியாது. 2018 மார்ச் 1 முதல் ஏப்ரல் பாதி வரை ஸ்டிரைக், புதுப்படம் எதுவும் வரவில்லை. என் கையில் ஒரு ரூபாய் வரவில்லை. கல்யாண வீடியோ வெட்டினேன், வெட்கப்படவில்லை. நான்கு கேமரா சிங்க்கை அதைப்போல வேறெங்கும் பழக முடியாது. 2020 ஊரடங்கில் மே 11 முதல் ஐந்து பேருக்கு மிகாமல் போஸ்ட் புரொடக்‌ஷன் செய்யலாம் என்று தமிழக அரசு அனுமதித்தது. அந்த ஐந்து பேரில் யார் யார் என்று ஒவ்வொரு ஆபீஸிலும் எண்ணினார்கள். எது எங்கே இருக்கிறது என்று தெரிந்தவள் என்பதால் நான் இருந்தேன்.

எங்கே படிக்கலாம் என்று கேட்கிறார்கள். தரமணி அரசுத் திரைப்பட நிறுவனத்தில் படத்தொகுப்புக்குத் தனிப் படிப்பு இருக்கிறது, புனேயிலும் கொல்கத்தாவிலும் மத்திய அரசு நிறுவனங்கள் இருக்கின்றன. இடம் கிடைத்தால் போங்கள், படம் பார்க்கவும் தப்பு செய்யவும் அங்கே நேரம் கிடைக்கும். லட்சங்களில் பணம் கேட்டு மூன்று மாதத்தில் எடிட்டர் ஆக்குகிறேன் என்கிற இடங்களுக்கு மென்பொருளின் பொத்தான்கள் மட்டும்தான் தெரியும். டாவின்சி ரிசால்வ் இலவசமாகவே கிடைக்கிறது.

வீட்டிலேயே இதைச் செய்து பாருங்கள். இரண்டு பேர் பேசுகிற மூன்று நிமிடக் காட்சியை ஒரு போனில் எடுங்கள், ஒலியை இன்னொரு போனில் பதியுங்கள். கைதட்டி கிளாப் வையுங்கள். லாக் ஷீட் எழுதுங்கள், சிங்க் செய்யுங்கள், வெட்டுங்கள். பிறகு முழுவதையும் ஒரு பென் டிரைவில் போட்டு, பத்து வரிக் குறிப்போடு, வேறு மென்பொருள் வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம் கொடுங்கள். அவர் திறந்து ஓட்டிப் பார்க்கட்டும். நடுவில் உங்களுக்குப் போன் செய்தால், என்ன கேட்டார் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.